சரிட்டி, வாரேன்

எங்கள் மூன்று பேருக்குள் ஒரு சட்டம் உண்டு. யார் எங்கே போய்வந்தாலும், அந்தக் கதையை மற்ற இருவருக்கும் நேரில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் போட்டோவை ஸ்டேட்டஸில் போடலாம். போனில் சொன்னால் செல்லாது. சட்டம் போட்டவள் சுந்தரேஸ்வரி. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே சட்டம் போடுகிறவள் அவள்தான். நானும் ஜெயப்பிரியாவும் கையைக் கட்டிக் கேட்டுக்கொள்வோம்.

கதை சொல்லும் இடம் கோவில்பட்டியில் என் வீட்டு மாடி. கீழே என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் நாங்கள் போடுகிற கூச்சல் வாடிக்கையாளர் காதில் விழாது என்று அவருக்கு ஒரு நிம்மதி. நாற்பதைத் தாண்டிய மூன்று பெண்கள் பாயை விரித்து உட்கார்ந்தால், போன இடம், தின்ற தீனி, வழுக்கி விழுந்தது, வழி தப்பியது என்று ஒன்று விடாமல் வெளியே வந்துவிடும்.

மூன்று பேர் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். சொல்கிறவர்கள் அவர்கள் இருவரும்தான். நான் கேட்கிறவள். நான் எங்கேயும் போவதில்லை. பஸ் வேகமாகப் போனால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மெதுவாகப் போனால், ஏன் மெதுவாகப் போகிறது, பிரேக் போய்விட்டதோ என்று கரைக்கும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்ற பழமொழியை இவர்கள் இருவரும் எனக்குப் பட்டப்பெயராகவே வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். பேய் ஒருநாள் நிஜமாக வந்தால் முதலில் பார்க்கப் போகிறவள் நான்தான்.

ஜெயாவின் வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். அவளிடம் ஒரு கார் இருக்கிறது, ஓடத் தெம்பான காலும் இருக்கிறது. போன மாதம் தூத்துக்குடியில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் ஓடி, கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள். அவளுக்கும் பிந்தி வந்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவரும் வழியில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்து நின்று பேசியதால்தான் பிந்திப் போனாராம். ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுத்த மெடலை வீட்டில் சோறு வடிக்கும்போதுகூடக் கழற்றாமல் போட்டிருந்தாள் இவள்.

சுந்தரி பசுவந்தனையில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் சாமித்துரை அண்ணாச்சி மானாவாரி விவசாயம். மழையை நம்பிப் பிழைக்கிற மனுஷர், அதனால் பேச்சு குறைவு. சுந்தரி ஆட்டை விற்று ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். அன்றிலிருந்து அவள் காலில் சக்கரம்தான். எங்களுக்குள் நல்ல கதை சொல்லியும் அவள்தான். சாதாரணமாக டயர் பஞ்சரானதைக்கூட, கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்படி சொல்வாள்.

இந்தக் கதையில் என் பேர் கெட்டுப்போன இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் இவர்கள் இருவரும் ஜெயாவின் காரில் தனுஷ்கோடிக்குப் போனார்கள். புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான். பிறகு போன் போட்டால் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கடல், காற்று, மணல், இரண்டு பெண்கள் என்று என் மனசு எங்கெங்கோ போய்விட்டது. பொறுக்கமாட்டாமல் சாமித்துரை அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, சுந்தரி போன் எடுக்க மாட்டேங்கா" என்று அழுதுவிட்டேன். அவர் காட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். ராமநாதபுரத்தில் இறங்கி நிற்கும்போதுதான் தெரிந்தது, போனைக் காரில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கடற்கரையில் வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள் என்று.

அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையல்கட்டு ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி திரும்ப ஆணிக்கு வருவதற்குள் சுந்தரி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வந்ததும் என்னிடம் செண்பகவல்லி அம்மன் பெயரில் சத்தியம் வாங்கினாள்.

"இனிமே எங்க வீட்டுக்குப் போன் போட்ட, உன் முகத்துல முழிக்க மாட்டேன். இன்னொரு தடவ சாவி போச்சுன்னா அவ்வளவுதான், திரும்ப வராது. சொல்லிட்டேன்ட்டி."

நானும் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

புரட்டாசி கடைசியில் ஒட்டப்பிடாரம் பக்கம் ஒரு ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாட்டு வண்டிப் பந்தயம் வைத்திருந்தார்கள். தார்ரோட்டில் காளைகள் நாலு கால் பாய்ச்சலில் பறக்கும். பின்னாலேயே பைக்குகள் கூட்டமாக, கத்திக்கொண்டும் விசில் அடித்துக்கொண்டும் விரட்டிப் போகும். பெண்கள் மொட்டைமாடியில் நின்று பார்ப்பதோடு சரி. சுந்தரிக்கு அந்தப் பைக் கூட்டத்தோடு தன் ஸ்கூட்டரையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சின்ன வயசு ஆசையாம்.

வீட்டில் சொன்னால் நடக்காது. அதனால் அவள் போட்ட திட்டம் இது. காலையில், "உமா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கோவில்பட்டி ரோட்டில் மேற்கே புறப்படுவாள். ஓடைப் பாலம் தாண்டியதும், இரட்டைப் பனை நிற்கிற இடத்தில் வடக்கே திரும்பும் வண்டிப்பாதையில் இறங்கி, கரிசல் காட்டு வழியாகத் தன் ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்விடுவாள். பந்தயம் பார்த்துவிட்டு அதே பாதையில் திரும்பி வந்து, மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டில் இருப்பாள். ஊர்ப் பஸ் ஸ்டாப் டீக்கடைக் கண்கள் எதிலும் படாமல் போய்வந்துவிடலாம்.

எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. "மழை பெஞ்சா கரிசல் பாதை என்னாகும்னு உனக்கு நான் சொல்லணுமாக்கும்?" என்று கேட்டேன்.

"மழையா? நாங்க மழைக்காகத்தான் வாயப் பொளந்து வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம். நீ பயப்படுதேன்னு பெஞ்சிருமோ? அப்படின்னா நல்லாப் பயப்படு தாயி, வெதப்புக்கு ஆகும்" என்று சிரித்தாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜெயா முன்னதாகவே வந்து அப்பளம் பொரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இறக்கி வைக்கும்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சுந்தரியின் குரல் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல், மைக் சத்தம், சைலன்சர் சத்தம்.

"ஏட்டி உமா, ஏட்டி ஜெயா! பாத்துட்டேன்ட்டி! பாத்ததென்ன, பின்னாடியே ஓட்டுனேன். சின்ன மாட்டுப் பந்தயம் ஓடும்போது எனக்கும் வண்டிக்கும் எட்டிப் பிடிக்கிற தூரந்தான். ஒருத்தன் என்னைப் பாத்து வாயப் பொளந்துட்டு ஓடைக்குள்ள எறங்கிட்டான்! யாரு ஜெயிச்சான்னு இப்பச் சொல்ல மாட்டேன், நேர்லதான். போன்ல சார்ஜ் இல்ல, செத்துரும். வானம் வேற மூடிக்கிட்டு வருது. சரிட்டி, வாரேன்."

ஜெயா கையைத் தட்டிக் குதித்தாள். நான் மூன்று இலை போட்டேன்.

சாப்பாட்டு நேரம் ஆயிற்று. சுந்தரி வரவில்லை. குழம்பு ஆறியது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். கிழக்கே வானம் அடுப்புக்கரி பூசினதுபோல் இருந்தது. கோவில்பட்டியில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. எங்கள் பக்கத்து மழை அப்படித்தான். ஒரு காட்டில் கொட்டும், வரப்புக்கு அந்தப் பக்கம் தூசி பறக்கும்.

"ஜெயா, அவ வரலையேட்டி" என்றேன்.

"அவ வீட்டுக்குப் போயிருப்பா. நீ சோத்தப் போடு, பசிக்குது."

"இங்கதான வாரேன்னா?"

"எங்க சொன்னா? சரிட்டி வாரேன்னா. போயிட்டு வாரேன்னு அர்த்தம். மழை வருதுன்னு வீட்டுக்குப் போறா. அதத்தான் சொல்லியிருக்கா."

நான் அந்த ஒலியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சரிட்டி, வாரேன். இன்னொரு தடவை போட்டேன். சரிட்டி, வாரேன். எங்கள் ஊரில் புறப்படுகிறவர்கள் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். அது திரும்பி வராதவர்கள் போகிற போக்கு, வாயில் எடுக்கக்கூடாத சொல். வாசலைத் தாண்டிப் போகிறவரும் 'வாரேன்' என்றுதான் சொல்வார், வாசலுக்கு வந்துகொண்டிருப்பவரும் 'வாரேன்' என்றுதான் சொல்வார். இது வரைக்கும் இதனால் ஒரு குடியும் முழுகிவிடவில்லை. எதிரே நிற்கிற மனுஷர் முகத்தைப் பார்த்தால் எந்த வாரேன் என்று தெரிந்துவிடும். போனில் முகம் ஏது?

"யாரு ஜெயிச்சான்னு நேர்ல சொல்லுதேன்னாளே. அப்ப இங்க வாராள்னுதான அர்த்தம்?"

"நேர்லன்னா இன்னைக்கே நேர்லயா? அடுத்த வாரமும் நேர்தான்."

சரி, வீட்டுக்கே போயிருக்கட்டும். மழைக்குப் பயந்து வீட்டுக்கு ஓடுகிறவள் யார் கண்ணில் பட்டாலும் கவலைப்படமாட்டாள். தார்ரோட்டோடு நேரே போய் இறங்குவாள், ஆபத்தில்லை. ஆனால் என் வீட்டுக்கு வருகிறவளாக இருந்தால் அந்த வண்டிப்பாதையில்தான் வந்தாக வேண்டும். மழை பெய்கிற கரிசல் காட்டுக்குள்ளே தன்னந்தனியாக. அந்த ஒரு சொல்லுக்கு எந்த அர்த்தம் என்பதில்தான் அவள் உயிரே இருப்பதுபோல் எனக்குப் பட்டது.

"சாமித்துரை அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டா தெரிஞ்சிரும்" என்றேன்.

ஜெயா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "கேட்டு? அவ இங்க இல்லேன்னு நீயே காட்டிக் கொடுக்கப் போறியா? வீட்டுல அவ பாட்டுக்குச் சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பா. தனுஷ்கோடி மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. சத்தியமும் மறக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன், கண் ஜன்னலிலேயே இருந்தது. கிழக்கே இடி உருண்டது. "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று இடிக்குக் காவலாக முணுமுணுத்தேன். கரிசல் காட்டு மின்னல் பொல்லாதது. ஒண்டி நிற்க மரம் இருக்காது, மனுஷர்தான் மரம்போல் நின்றுகொண்டிருப்பார். போன வருஷம்கூட ஆடு மேய்க்கப் போன ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது என் போன் அடித்தது. சாமித்துரை அண்ணாச்சி.

ஜெயா வாயில் போட்ட அப்பளத்தை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தங்கச்சி, நல்லாருக்கீயளா? சுந்தரி போன் எடுக்க மாட்டேங்கா. ஆஃப்ல இருக்கு. வீட்டுக்கும் இன்னும் வரலயாம். அங்கனதான இருக்கா?"

ஜெயா சொன்ன அர்த்தம் அந்த ஒரு கேள்வியில் செத்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. சத்தியம் ஒரு பக்கம், ஜெயா கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிற ஜாடை ஒரு பக்கம். என் வாயிலிருந்து தானாக வந்தது.

"இங்கனதான் இருக்கா அண்ணாச்சி. மாடியில துணி எடுக்கா. மழை வார மாதிரி இருக்குல்லா."

"அதுக்குத்தான் கேட்டேன். மேக்க ரோட்டுப் பக்கம் நல்லா ஊத்துது, இங்கன இப்பத்தான் தூறுது. மழ விட்டு, பாதை காஞ்ச பெறகு வந்தாப் போதும்னு சொல்லுங்க. நான் காட்டுலதான் நிக்கேன், பாதி வெதச்சிட்டோம்." குரலில் சந்தோஷம். மழை பெய்கிற சந்தோஷம், பெண்டாட்டி பத்திரமாக இருக்கிற சந்தோஷம் இரண்டும் இருந்தன. போனை வைத்துவிட்டார்.

தேட வேண்டிய மனுஷரை, "தேட வேண்டாம், நிம்மதியாக இருங்கள்" என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். இப்போது அவள் அந்தக் காட்டில் எங்கே கிடந்தாலும் தேட ஆள் கிடையாது. நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏட்டி ஜெயா, எந்திரி. காரை எடு" என்றேன்.

"நீயும் வாரியா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் காரில் நான் ஏறியதே இல்லை.

பசுவந்தனை ரோட்டில் அவள் ஓட்டிய வேகத்துக்கு வேறு நாளாக இருந்தால் நான் கத்தியே ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்கு, "இன்னும் மிதிக்க முடியாதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். பாதித் தூரத்தில் தார்ரோடு நனைந்திருந்தது. அப்புறம் மழைத் தண்ணீர் ரோட்டின் இரண்டு பக்கமும் கலங்கி ஓடியது. மழை விட்டிருந்தது, ஆனால் இடி விடவில்லை.

பாலத்துக்கு முன்னாலேயே இரட்டைப் பனைக்குப் பக்கத்தில் ஜெயா காரை நிறுத்தினாள். வண்டிப்பாதை என்று ஒன்று காலையில் இருந்திருக்க வேண்டும். இப்போது காடும் பாதையும் ஒன்றாகக் கறுத்துப் பளபளத்துக் கிடந்தன. காரை அதில் இறக்கினால் காரையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். இறங்கி நடந்தோம். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பின் அடியில் மண் அப்பி, அப்பின மண்ணில் மேலும் மண் அப்பி, காலைத் தூக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தோம்.

"சுந்தரீ!" என்று கத்தினேன். அந்த வெட்டவெளியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பாதை ஒரு ஓடையில் இறங்கி ஏறுகிற இடத்தில் ஜெயா நின்றாள். சிவப்பாக ஏதோ தெரிந்தது. சுந்தரியின் ஸ்கூட்டர். ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் மண் திணித்து வைத்தாற்போல் அடைத்திருந்தது. சக்கரம் சுற்ற வழியே இல்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. கொஞ்சம் தள்ளி அவளுடைய ஒற்றைச் செருப்பு மண்ணில் புதைந்து நின்றது. அவளைக் காணவில்லை.

ஓடையில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முழங்கால் அளவுதான் இருக்கும். ஆனால் அது எவ்வளவு நேரமாக அந்த அளவில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஜெயா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தைரியசாலி என்று பேர் வாங்கியவள் அவள். எனக்கு அழுகை வரவில்லை. பயந்து பயந்தே பழகின உடம்பு எனக்கு. பேய் வருகிறபோது என்ன செய்ய வேண்டும் என்று ஆயிரம் தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். போனை எடுத்தேன்.

"உமா, சத்தியம்ட்டி..." என்றாள் ஜெயா.

"சத்தியம் கெடக்கட்டும். என் முகத்துல முழிக்காம இருக்கவும் அவ இருக்கணும்லா?"

சாமித்துரை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பந்தயம், பாதை, ஸ்கூட்டர், ஓடை, நான் சொன்ன பொய். மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் டிராக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை.

"வாரேன்."

போன் கட்டாகிவிட்டது. எந்த வாரேன்? இங்கே வருகிறாரா, போனை வைக்கிறாரா? திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

ஓடையைத் தாண்டினோம். நான் முன்னால், ஜெயா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால். அந்தக் கரையில் மண்ணில் தடம் தெரிந்தது. ஒரு கால் பதிந்த தடம், ஒரு கால் இழுத்த தடம். எனக்கு உயிர் வந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். மேட்டில் தகரக் கூரை போட்ட சின்ன அய்யனார் கோயில் ஒன்று இருந்தது. அய்யனார் காலடியில் சுந்தரி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால் வரை கரிசல். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. ஒரு கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதேன். ஜெயா என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சுந்தரி உடம்பெல்லாம் நடுங்கியது. "எதுக்க இடி விழுந்துச்சுட்டி... அந்தா நிக்கிற ஒத்தப் பனையில... தீ மாதிரி... நான் செத்துட்டேன்னே நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "கத்திக் கத்திப் பாத்தேன். ஒருத்தரு இல்ல. நீ வருவேன்னு மட்டும் தெரியும். நீதான் பயந்து சாவியே."

கொஞ்சம் நடுக்கம் அடங்கியதும் என் முகத்தைப் பார்த்தாள். "அவியளுக்குப் போன் போட்டியா?"

"போட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தோற்றுப்போன முகம் அது.

கிழக்கிலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. மழைக்குப் பிறகு கரிசலில் இறங்க டிராக்டரே யோசிக்கும். வழுக்கி, ஒருபக்கமாக இழுத்து, சேற்றை வாரி அடித்துக்கொண்டு வந்தது. பின்னால் டிரெய்லர் இருந்தது. அண்ணாச்சி மட்டும்தான் வந்தார். இறங்கி, தலையில் கட்டின துண்டை அவிழ்த்து, சுந்தரியின் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தார். கணுக்காலைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"துணியெல்லாம் நனையாம எடுத்தாச்சா, தங்கச்சி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"நீங்க இருக்கான்னு சொன்னதும் நான் நிம்மதியா வெதச்சுக்கிட்டு நின்னேன். இவ இங்கன இடிக்குக் கீழ கெடந்திருக்கா."

"அவளச் சொல்லாதீய. நாந்தான் சத்தியம் வாங்கி வச்சிருந்தேன்" என்றாள் சுந்தரி.

"உன்ட்ட நான் இன்னும் பேசவே இல்ல" என்றார் அண்ணாச்சி.

அவளைத் தூக்கி டிரெய்லரில் உட்கார வைத்தார். ஓடைக்கு வந்து, நாங்கள் மூன்று பேருமாக ஸ்கூட்டரையும் தூக்கி ஏற்றினோம். அவர் குனிந்து வண்டியிலிருந்து சாவியை உருவி, துடைத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுந்தரி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

டிராக்டர் கிளம்பும்போது அவள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைக்காகக் காத்து நின்றேன்.

"போறேன்ட்டி" என்றாள்.

நான் டிரெய்லர் ஓரத்தை எட்டிப் பிடித்தேன். "ஏட்டி, வாயக் கழுவு! என்ன பேச்சுப் பேசுத? வாரேன்னு சொல்லு!"

"வாரேன்னு சொல்லித்தான் இந்தக் கதி. வீட்டுக்குப் போறேன். போய்ச் சேந்ததும் போன் போடுதேன். இப்ப வெளங்குதா?"

விளங்கியது. ஆனாலும் அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை. காரில் திரும்பி வரும்போது, என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று அவள் சொன்ன சொல்லும், போறேன் என்று சொன்ன சொல்லும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு என்னைப் பிசைந்தன. வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த கரிசல் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்தது, போன் வரவில்லை. என் வீட்டுக்காரர், "சாப்பிடு" என்றார், சாப்பிடவில்லை. "போய்ச் சேந்திருப்பாங்க" என்றார். இருப்பாங்க என்பதெல்லாம் எனக்குப் போதாது.

போன் அடித்தது. அண்ணாச்சியின் நம்பர். எடுத்தேன்.

"சேந்துட்டேன்" என்றாள் சுந்தரி. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு கொஞ்சம் முன்னாடிதான் கூட்டிட்டு வந்தாவ."

"சாவி?"

"பையிலதான் இருக்கு. ஒரு வார்த்தை பேசலட்டி. வந்ததுல இருந்து வாசல் முத்தத்துல உக்காந்து, சக்கரத்துல அடைச்ச மண்ணைக் குச்சிய வச்சு நோண்டிக்கிட்டே இருக்காவ. பாக்கவே பயமா இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "இந்தா, எந்திரிச்சு வாராவ. இரு."

ஏதோ பேச்சு கேட்டது. என்ன என்று புரியவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். திரும்ப வந்தபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"உமா, முன்சக்கரத்து மட்கார்டைக் கொஞ்சம் தூக்கி மாட்டுனா மண்ணு அடைக்காதாம். அதுக்கு என்ன சாமான் வேணும்னு உங்க வீட்டுக்காரர்ட்டக் கேக்கச் சொல்லுதாவ."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பந்தயத்துல யாருட்டி ஜெயிச்சா?" என்று கேட்டேன், கடைசியில்.

"போன்ல சொன்னா செல்லாது. நேர்லதான்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ எப்ப நேர்ல வருவ?" என்றேன். "நாளைக்குக் காலையில நான் வாரேன்."

"யாரு? நீயா? எப்படி வருவ?"

"பஸ்ல."

"எந்த வாரேன்ட்டி இது?" என்று கேட்டாள்.

எனக்கு இப்போதே வயிற்றில் புளி கரைய ஆரம்பித்துவிட்டது. பஸ் வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா என்று மனசு ஓடியது.

"வந்து உன் வீட்டு வாசல்ல நிக்கிற வாரேன்" என்றேன்.